ஒற்றை விரலால் காட்டினால் நிறுத்துங்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு உழவு மெசின் ஏறிப்போன வயல் வரம்பு மாதிரித்தான் அது இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. என் தகப்பன் மலையகத்திலிருந்து கனகராயன்குளத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். பள்ளிக்கூடத்தைவிடத் தோட்டத்துக்கு ஆள் தேவையாக இருந்த காலம் அது. எந்த இடத்தில் எந்த எழுத்து வரும் என்று இந்த வயதிலும் நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பிழைகளைக் கண்டால் உங்களுக்குள் சிரித்துவிட்டு, விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பிரியாவிடை அன்று மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழும்பினேன். “எல்லாருக்கும் நன்றி” என்றேன். இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு வடையும் தேத்தண்ணியும் வந்ததில் எல்லாரையும்விட எனக்குத்தான் ஆறுதல். கூட்டத்தில் நாலு முகம் என்னைப் பார்த்தாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். அன்று போகும்போது மிஸ் என்னிடம், “அண்ணை, வாயால வராட்டிக் கையால எழுதித் தாங்கோ. புதுசா வந்த பிள்ளையளுக்கு உதவும்” என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முதுகு சரியில்லாமல் வேலையை விட்டவனுக்கு எழுதுவதற்கு நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. தைரியம்தான் இல்லாமல் இருந்தது.

மிஸ் என்று நான் எழுதுவது யாரை என்று உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். காயப்பட்ட விளையாட்டுப் பிள்ளைகளின் தசையையும் மூட்டையும் பழையபடி கொண்டுவருவதற்குப் படித்தவர். மைதானத்து ஓரத்தில் இருக்கும் அந்த அறையில் எனக்கு இருந்தது உதவியாள் வேலை. கட்டிலில் துவாய் விரிப்பது, மிஸ் சொல்லும் அளவுக்கு மெசினைப் போடுவது, முடியும்வரை பக்கத்தில் கதிரையில் இருப்பது. இதில் பெரிய வேலை மூன்றாவதுதான் என்று விளங்க எனக்குக் காலம் எடுத்தது.

நம்முடைய மெசின்கள் எதுவும் வெட்டுவதில்லை, குத்துவதில்லை. குளிராலும் சூட்டாலும் மெல்லிய கரண்டாலும் தசையை ஆற்றுகின்றன. நம் மைதானத்தில் ஒரு காலத்தில் ஓடிப் பிறகு வெளிநாடு போனவர்கள் சேர்ந்து அனுப்பியவை. அதிலே நீங்கள் அதிகம் கவனிக்கவேண்டியது சூட்டு மெசின். இரண்டு கறுப்புத் தட்டுகளையும் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் போட்டால், தோலுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாமல் உள்ளே ஆழத்தில் சூடு பிறக்கும். நடுவில் இரும்போ பித்தளையோ இருந்தால் சூடெல்லாம் அங்கேயே போய்க் குவியும். அதனால்தான் அந்தக் கட்டில் ஆணி இல்லாத மரக்கட்டில். அதனால்தான் பக்கத்தில் அந்தப் பெரிய பீங்கான் கோப்பை. வருகிறவர்கள் காப்பு, சங்கிலி, ஊக்கு, வீட்டுத் திறப்பு எல்லாவற்றையும் அதிலே போட்டுவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

ஒருமுறை ஒரு கரப்பந்தாட்டக்காரன் இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த செப்புத் தகட்டைக் கழற்றமாட்டேன் என்று நின்றான். ஆறடி ஆள். “அம்மா கட்டினது அண்ணை. கழட்டினா அம்மா அடிப்பா” என்றான். அவன் அம்மாவை வரச்சொல்லி போன் எடுத்தோம். அவர் வந்து, தானே அதை அவிழ்த்து, மெசின் முடியும்வரை தன் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். “இப்ப ஒண்டும் செய்யாது, காவல் பெத்தவளின்ரை கையிலதான் இருக்கு” என்றார். அன்று எல்லாரும் சிரித்தோம். ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி அந்தப் பிள்ளையைவிடத் தாய்க்குத்தான் கூடத் தெரியும் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்கலாம். விளங்கவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

வேறு ஊர்களில் இந்த மெசினைப் போடமுதல், உடம்புக்குள் தகடு வைத்திருக்கிறதா, நெஞ்சில் மெசின் வைத்திருக்கிறதா என்று கேட்பார்களாம். வன்னியில் நாங்கள் அதோடு இன்னொன்றும் கேட்கிறோம். சண்டையில் வெடித்த செல்லின் துண்டு இருக்கிறதா? இங்கே இதைக் கேட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை. ஒரு விளையாட்டு மத்தியஸ்தர் வந்து, “முதுகில ஒண்டு, கால்ல ஒண்டு. இன்னுமொண்டு எங்கை எண்டு எனக்கும் சரியாத் தெரியாது” என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். என் இடது தோளிலும் ஒன்று இருக்கிறது. மழை வருமுன் அது எனக்குச் சொல்லும்.

வேலைக்கு வந்த புதிதில் மிஸ் எனக்கு ஒரு விடயம் சொல்லித்தந்தார்.

“அண்ணை, மெசின் போட்டிட்டு ‘சுடுதோ’ எண்டு மட்டும் கேளாதேங்கோ. எங்கட சனம் செத்தாலும் இல்லையெண்டுதான் சொல்லும். பொறுத்துப் பொறுத்துப் பழகிட்டுது. ‘சூடு எங்கை இருக்கு, காட்டுங்கோ’ எண்டு கேளுங்கோ. உள்ளங்கையால தடவிக் காட்டினா, சூடு பரவி நிக்குது, நல்லம். ஒற்றை விரலால குத்திக் காட்டினா, அங்கை என்னவோ இருக்கு. என்னைக் கேக்காதேங்கோ, நிப்பாட்டுங்கோ.”

“உங்களைக் கேக்காமலோ மிஸ்?”

“என்னைத் தேடி வாற நேரத்துக்குள்ள வெந்திடும்.”

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது யதுசாவின் கதை. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவள் மல்லாவிப் பிள்ளை. முப்பாய்ச்சல் பாய்கிறவள். ஓடிவந்து, பலகையில் மிதித்து, ஒரு காலில் ஒன்று, மறுகாலுக்கு ஒன்று, பிறகு மணலுக்குள் ஒன்று என்று பாய்வது. மாகாணப் போட்டியில் கடைசிப் பாய்ச்சலில் வெற்றி பெற்று, அதே பாய்ச்சலில் பின்தொடைத் தசையையும் கிழித்துக்கொண்டாள். ஐஸ் வைத்து, ஓய்வு எடுத்து, வீக்கம் எல்லாம் போய்விட்டது. ஆனால் கால் நீளவில்லை. தசை உள்ளே முடிச்சுப் போட்டதுபோல இறுகி நின்றது. அகில இலங்கைப் போட்டிக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. அடுத்த வருடம் பள்ளிக்கூடப் போட்டிக்கு அவளுக்கு வயது தாண்டிவிடும். அதனால் அந்த ஒரு போட்டிதான் அவளுக்கு மிச்சம்.

கச்சான் காற்று மைதானத்துப் புழுதியை எல்லாம் அறைக்குள் கொண்டுவரும் காலம். அவளும் தாயும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவளைப் பழக்கும் மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். அவள் நொண்டிக்கொண்டு உள்ளே வந்த உடனேயே மெசின்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“அங்கிள், இதைப் போட்டா நாளைக்குப் பாயலாமோ?”

“நாளைக்கு பஸ்ஸில ஏறலாம்” என்றேன்.

“பஸ்ஸில இண்டைக்கே ஏறினனான்தானே!”

இப்படித்தான் அவள். கதைக்குக் கதை. மிஸ் அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, சூடு கொடுத்துத் தசையை இளக்கிப் பிறகு நீட்டவேண்டும் என்று முடிவெடுத்தார். நான் கோப்பையை நீட்டினேன். காப்பு, தோடு, தலையிலிருந்த கிளிப் எல்லாம் விழுந்தன. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“உடம்பில செல் துண்டு, கம்பி, தகடு ஏதும் இருக்கோ பிள்ளை?”

அவள் சிரித்தாள். “அங்கிள், நான் அப்ப சின்னப்பிள்ளை. எனக்கு ஒண்டும் படேல்லை.”

மிஸ் பின்தொடையின் வெளிப்பக்கத்தில் நகத்தளவு தழும்பு ஒன்றைத் தொட்டுக்காட்டினார். “அப்ப இது?”

“அது முள்ளுக்கம்பி கீறினது மிஸ். சின்னனில.”

மிஸ் தாயைப் பார்த்தார். யன்னலுக்குப் பக்கத்தில் இருந்த தாய் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “ஓம் மிஸ், முள்ளுக்கம்பி” என்றார். தலை நிமிரவில்லை. பெற்ற தாயே சொல்லும்போது வேறு என்ன கேட்பது? மிஸ் ஆகக் குறைந்த சூட்டில் வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலில் கணுக்கால் புரண்டு கிடந்த ஒரு பந்துவீச்சாளனைப் பார்க்கப் போனார்.

நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தேன். முதலில் அவள் கதைத்துக்கொண்டுதான் இருந்தாள். மாஸ்டர் கோபத்தில் விசிலைக் கடித்து உடைத்த கதை. பிறகு கதை குறைந்தது. அவளைப் போன்ற ஒரு பிள்ளை கதையை நிறுத்தினால் நீங்கள் நிமிர்ந்து பார்க்கவேண்டும். நான் பார்த்தேன். கால் விரல்கள் உள்ளுக்கு மடங்கி இருந்தன. துவாயின் ஒரு நுனி அவள் பல்லுக்குள் இருந்தது.

“என்ன மாதிரி இருக்கு பிள்ளை?”

“நல்லா இருக்கு அங்கிள்.”

“சூடு எங்கை இருக்கு, காட்டு பாப்பம்.”

அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். சுட்டுவிரலை மட்டும் நீட்டி, ஒரு இடத்தில் வைத்தாள். தழும்புக்குச் சற்று மேலே.

நான் ஆளியைத் தட்டி மெசினை நிறுத்தினேன்.

“ஏன் அங்கிள் நிப்பாட்டினீங்கள்? இன்னும் நேரம் முடியேல்லையே!”

“சுட்டதுதானே?”

“சுட்டாத்தானே மாறும்! நான் பொறுப்பன். போடுங்கோ.”

மாஸ்டர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணை, கோழியை அரை அவியலில இறக்கிறியள்? போட்டிக்கு இனி எத்தினை நாள் கிடக்கு? பிள்ளை பொறுக்கிறன் எண்டு சொல்லுது, உங்களுக்கு என்ன?”

அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பதில் வராது. காது மட்டும் சிவக்கும். ஆனால் கையை ஆளியின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தம்பிமார், உங்களுக்கும் இது நடக்கும். படித்தவர்களும் பெரியவர்களும் அவசரப்படுத்துவார்கள். நோய்க்காரரே அவசரப்படுத்துவார். அப்போது பெரிதாக வாதாடத் தேவையில்லை. கையை எடுக்காமல் இருந்தால் போதும்.

மிஸ் வந்தார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார். “எங்கை, திரும்பக் காட்டு.” அவள் திரும்பவும் ஒற்றை விரலால் காட்டினாள். மிஸ் அந்த இடத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். நல்ல காலம், தோல் சிவக்கவும் இல்லை.

“இண்டைக்கு இது காணும். ஆசுப்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார்.

அப்போதுதான் தாய் எழும்பினார். “எக்ஸ்ரே எல்லாம் என்னத்துக்கு மிஸ்? உந்தக் கதிர் பட்டா வளருற பிள்ளைக்குக் கூடாதாம். வேண்டாம்.” யதுசா தாயை விநோதமாகப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிசி.

மிஸ் அவரோடு வாதாடவில்லை. என்னிடம் திரும்பினார். “அண்ணை, அம்மா பஸ்ஸில வந்து களைச்சுப்போனா. பின்னால கூட்டிக்கொண்டு போய்த் தண்ணி குடுங்கோ.”

அறைக்குப் பின்னால், நீங்கள் சைக்கிள் விடும் வேப்ப மரத்துக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கி இருக்கிறதல்லவா, அங்கேதான் போனோம். நான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. நானும் நின்றேன். மிஸ் ஏன் என்னை அனுப்பினார் என்று பிறகு யோசித்திருக்கிறேன். வாய்க்காரன் ஒருவனை அனுப்பியிருந்தால் அவன் நாலு கேள்வி கேட்டு அந்த மனிசியின் வாயை மூடியிருப்பான். கேள்வி கேட்கத் தெரியாதவனுக்கு முன்னால் அவர் தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

“அண்ணை, துண்டு இருக்குது.”

நான் தலையாட்டினேன்.

“கடைசிச் சண்டைக்குள்ள பட்டது. அவளுக்கு அப்ப நாலு வயசு. அகதிக் காம்பில டொக்டர் பாத்திட்டு, சின்னத் துண்டு, தோண்டப் போனாத்தான் கரைச்சல், விடுங்கோ எண்டவர். நானும் விட்டிட்டன். பிறகு பக்கத்துக் கொட்டில் மனிசி ஒராள் வந்து, துண்டு உடம்புக்குள்ள ஓடும், ஓடி நெஞ்சுக்கு வந்தா முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டா. இவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அண்டையில இருந்து நடக்கமாட்டன் எண்டு இருந்திட்டாள் அண்ணை. தான் நடந்தா அதுவும் நடக்குமாம். தண்ணி வரிசைக்கும் இடுப்பில, சாப்பாட்டு வரிசைக்கும் இடுப்பில. அவர் இல்லை. நான் தனிய. எவ்வளவுக்கெண்டு தூக்கிறது?”

கோப்பைத் தண்ணீர் அவர் சேலையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

“ஒருநாள் சொன்னன், அடி விசரி, அது செல் இல்லையடி, முள்ளுக்கம்பி கீறினது, காயம் மாறிட்டுது எண்டு. இறங்கி நடந்தாள். அண்டைக்கு நடக்கத் தொடங்கினவள்தான். பிறகு ஓடினாள். இப்ப பாயுறாள்.” கோப்பையைத் தாங்கியடியில் வைத்தார். “அவள் பாயுற நேரம் நான் கண்ணை மூடிப்போடுவன் அண்ணை. ஒரு பாய்ச்சலும் நான் பாக்கேல்லை. மணலில விழுற சத்தம் கேட்டாப் பிறகுதான் திறப்பன். சனம் கை தட்டினா நல்லாப் பாய்ஞ்சிட்டாள் எண்டு விளங்கும். இப்ப தெரிஞ்சா இவள் திரும்பவும் இருந்திடுவாள்.”

நான் பல நாள் பழகியவர்களிடம்கூட இப்படிச் செய்ததில்லை. சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் விலக்கி என் தோளைக் காட்டினேன். “என்னட்டையும் ஒண்டு இருக்கு தங்கச்சி.”

அவர் எட்டிப் பார்த்தார். “ஓடினதே?”

“எங்கை ஓடுறது? இருந்த இடத்திலதான் இருக்கு. என்னைவிடச் சோம்பேறி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. நான் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, எனக்குச் சொல்லத் தெரிந்த அளவில் சொன்னேன்.

“மிஸ்ஸுக்கு நான் சொல்லத்தான் வேணும், தங்கச்சி. இல்லாட்டிப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனாப் பிள்ளைக்கு நான் சொல்லமாட்டன். அது உங்கட வாயாலதான் வரவேணும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். மிஸ் உட்பட நாங்கள் எல்லாரும் வெளியே வர, கதவைச் சாத்திக்கொண்டார். மிஸ்ஸுக்கு நான் விடயத்தைச் சொன்னேன். பிறகு யதுசாவின் குரல் மைதானம்வரை கேட்டது.

“எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! என்ரை கால், எனக்குத் தெரியாது!”

கதவைத் திறந்துகொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் பஸ் தரிப்பிடத்துக்குப் போனாள். கோப்பைக்குள் அவளுடைய காப்பும் தோடும் கிடந்தன. தாய் அவற்றைச் சேலை நுனியில் முடிந்துகொண்டு பின்னால் ஓடினார்.

சில நாட்கள் அவள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்று மாஸ்டர் சொன்னார். ஆனால் ஒரு காலை எக்ஸ்ரேப் படத்தோடு வந்தாள். தாய் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் படம். மிஸ் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தசைக்குள் அரிசி அளவில் வெள்ளையாக ஒரு துண்டு. அதை எடுக்கத் தேவையில்லை, அது ஒரு தடை இல்லை, சூடு மட்டும் கூடாது என்று ஆசுப்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சூட்டு மெசினுக்கு அவள் கிட்டப் போகவில்லை. மிஸ் வேறு வழி எடுத்தார். குளிர்த் தண்ணீர் ஓடும் உறையைக் காலில் மாட்டி இறுக்குவது, இழுவைப் பட்டியைக் கட்டி மெதுவாக நீட்டுவது, சுவரோடு நின்று குதிக்காலை உயர்த்துவது. மெல்ல மெல்லத்தான். பட்டியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு இருப்பது என் வேலை. அவள் முன்போலக் கதைக்கவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாள்.

“அங்கிள், உங்கட துண்டு உங்களுக்கு நோகுமோ?”

“மழைக்கு முதல் கொஞ்சம் முணுமுணுக்கும்.”

“பிறகு?”

“பிறகு மழை பெய்யும்.”

அவள் வாயின் ஒரு ஓரம் அசைந்தது.

கால் தேறியது. மிஸ் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, பாயலாம் என்றார். மைதானத்துக்குப் போனோம். அவள் ஓடிவந்தாள். நல்ல ஓட்டம். பலகைக்குக் கிட்ட வந்ததும் யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல நின்றுவிட்டாள். திரும்பவும் ஓடினாள். திரும்பவும் நின்றாள். மாஸ்டர் விசில் ஊதினார், கத்தினார், கெஞ்சினார். “பலகையில என்ன பாம்போ படுத்திருக்கு?” என்றார். அவள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. கால் சுகம், பிள்ளை இருந்துவிட்டாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் மெல்ல, “இதுக்கு என்னட்டை மெசின் இல்லை அண்ணை” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொன்னார். அதையும் நீங்கள் படித்துக்கொள்ளுங்கள். அன்று அவர் ஏதாவது ஒரு மெசினைப் போட்டு அவளைச் சமாளித்திருக்கலாம். போடவில்லை. அவளைப் போய் நிழலில் இருக்கச் சொன்னார்.

அவள் தாயின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் போய் இருந்தாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன். போத்தலை ஒருவரும் வாங்கவில்லை. பிறகு தாய் சொன்னார்.

“நான் உனக்குச் சொல்லாதது இன்னுமொண்டு இருக்கு.”

“இன்னும் என்ன இருக்கு?”

“நீ பாயுறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை.”

“பொய். எல்லாப் போட்டிக்கும் வந்தனீங்கள்.”

“வந்தனான்தான். கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்.”

யதுசா திரும்பித் தாயை நன்றாகப் பார்த்தாள். “மாகாணப் போட்டியிலயும் பாக்கேல்லையோ?”

“இல்லை.”

“வீட்ட வந்து எல்லாருக்கும் பாய்ஞ்சு காட்டினீங்களே, இப்பிடிப் பறந்தவள் எண்டு!”

“மாஸ்டர் சொன்னதைத்தான் நான் சொன்னனான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கு வந்த சிரிப்பை அவள் அடக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

“அப்ப இவ்வளவு நாளும் எனக்கும் சேத்து நீங்கள் பயந்தனீங்கள்.”

தாய் தலையாட்டினார்.

அவள் எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். “இனி ஆளுக்குப் பாதி. நான் பாயுறன். நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கவேணும். மூடினீங்கள் எண்டு கண்டனோ, பலகையில நிண்டிடுவன்.”

“ஐயோ, மாட்டன் பிள்ளை.”

“அங்கிள், அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ. மூடினா எனக்குச் சொல்லுங்கோ.”

அவள் ஓட்டப் பாதையின் தொடக்க முனைக்கு நடந்தாள். நான் சொன்னபடி தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் அந்தப் பாய்ச்சலை நான் பார்க்கவில்லை. அடிச்சத்தம் கிட்ட வந்தது. தாயின் இரண்டு கையும் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தன. கண் துடித்தது. மூடவில்லை. பலகையில் ஒரு சத்தம், மண்ணில் ஒரு சத்தம், இன்னும் ஒன்று, பிறகு மணல். மாஸ்டர் அளக்க மறந்து விசிலை ஊதிக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களோ?” என்று மணலுக்குள் இருந்தபடியே கத்தினாள்.

“பாத்தன்” என்றார் தாய். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

போட்டி கொழும்புப் பக்கம். எங்களால் போக முடியவில்லை. அன்று அறையில் மிஸ் ஒரே துவாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் போன் வந்தது. மிஸ் அதை என்னிடம் நீட்டினார். தாய்தான்.

“அண்ணை, எல்லாப் பாய்ச்சலும் பாத்தன். கண்ணை மூடவே இல்லை.”

எத்தனையாம் இடம் என்று நான் கேட்கவேண்டும். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அதற்குள் யதுசா போனைப் பறித்துவிட்டாள்.

“அங்கிள், பதக்கம் இல்லை. எனக்கு முன்னுக்கு நாலு பேர் பாய்ஞ்சிட்டாளவை.”

“பரவாயில்லைப் பிள்ளை. கால் என்ன மாதிரி?”

“கால் நல்லா இருக்கு. ஒரு பாய்ச்சலிலயும் நான் நிக்கேல்லை.” பின்னால் மைதானத்து ஒலிபெருக்கி சிங்களத்தில் யாரையோ கூப்பிட்டது. “அங்கிள், ஒரு விசயம். உங்கட துண்டு கனகராயன்குளத்தை விட்டு எங்கையும் போகேல்லை. என்ரை துண்டு இப்ப கொழும்பும் பாத்திட்டுது.”

போனை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் தாங்கியடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அன்றிலிருந்துதான் நம் அறையில் அந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்கிறோம். கட்டிலில் இருப்பவரிடம் ஒருமுறை. கூட வந்தவரை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு இன்னொருமுறை. நேரம் வீண் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் பேசாவிட்டாலும் நில்லுங்கள். நம் ஊரில் ஒரு பிள்ளையை நடக்கவைப்பதற்குச் சொன்ன பொய்கள் பல இருக்கும். அவற்றைச் சொன்னவர்களோடு நாம் கோபிக்கக்கூடாது. மெசினைப் போடமுதல் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னும் இரண்டொரு கதை எழுத நினைத்தேன். காலையிலிருந்து இடது தோள் முணுமுணுக்கிறது. முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருக்கிறது. மழைக்கு முதல் அள்ளவேண்டும்.

கனகராயன்குளம்,
மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள்.